கூரை இல்லாதவருக்கும் மருத்துவம் உண்டு: சிங்கப்பூரில் உதவி பெற்றுத் தருவதற்கான முழுமையான வழிகாட்டி

தேக்காவுக்கு அருகில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில், இரவு பதினொரு மணிக்கு மேல் அட்டைப்பெட்டியை விரித்துப் படுக்கும் பெரியவர் ஒருவரிடம் கால் வீக்கத்தைப் பற்றிக் கேட்டேன். "வீடே போய்விட்டது தம்பி, இனி ஆஸ்பத்திரிச் சலுகை எல்லாம் எனக்கு எங்கே?" என்றார். 1957இல் இங்கேயே பிறந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மத்திய சேம நிதி கட்டியவர். 1950களில் பிறந்த மெர்டேக்கா தலைமுறையைச் சேர்ந்தவர் என்பதால், 'பாலிகிளினிக்' எனப்படும் அரசு பலதுறை மருந்தகத்திலும் தனியார் மருந்தகத்திலும் கூடுதல் சலுகை அவருக்கு உண்டு. அதற்கான அட்டை, அவர் எப்போதோ விட்டுவந்த தம்பி வீட்டு அலமாரியில் கிடந்தது.

சிங்கப்பூரில் மருத்துவப் பாதுகாப்பு ஆளோடு சேர்ந்தது. வீடு போனதால் அது போய்விடாது. ஆனால் அதைத் தெரிவிக்கும் கடிதம், புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல், வருமானத்தைக் கணக்கிடும் முறை என்று எல்லாமே அடையாள அட்டையில் அச்சிட்ட முகவரியைத் தேடிப் போகின்றன. அந்த முகவரியில் ஆள் இல்லை என்றால் உரிமை இருந்தும் கைக்கு எட்டுவதில்லை. இந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். தொண்டூழியர்களுக்கும், கோயில் அன்னதானத்தில் பரிமாறும்போது ஒருவரின் கால்புண்ணைக் கவனித்துவிட்டவர்களுக்கும், சொந்தச் சித்தப்பாவோ மாமாவோ வெளியில் உறங்குகிறார் என்று தாமதமாகத் தெரிந்துகொண்டவர்களுக்கும் இது பயன்பட வேண்டும்.

சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு 2022இல் எடுத்த கணக்கெடுப்பில் வெளியிடங்களில் உறங்கியவர்கள் 530 பேர். லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளியின் இங் கொக் ஹோ 2019இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ ஆயிரம் பேர் என்றது. அந்த ஆய்வில் பேசியவர்களில் பத்துக்கு ஆறு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலானோர் வயது முதிர்ந்த ஆண்கள். துப்புரவு, பாதுகாவல் போன்ற குறைந்த சம்பள வேலைகளில் இருந்தார்கள். மருத்துவ உதவியை யோசிக்கும்போது இதை மறக்கக் கூடாது. பகல் முழுவதும் வேலையில் நிற்பவரிடம் "நாளைக் காலை மருந்தகத்துக்குப் போங்கள்" என்றால், ஒரு நாள் கூலியை விடச் சொல்கிறோம் என்று பொருள்.

முதல் படி: உடல்நலத்துக்கு முன் பேச்சு

முதல் சந்திப்பிலேயே அடையாள அட்டையைக் கேட்காதீர்கள். பெயரைக் கேளுங்கள், சாப்பிட்டாரா என்று கேளுங்கள். இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில்தான் வலி எங்கே என்று சொல்வார்கள். பலருக்கு ஓர் அச்சம் இருக்கிறது: யாரிடமாவது உண்மையைச் சொன்னால் பிடித்துக்கொண்டுபோய் ஆதரவற்றோர் இல்லத்தில் அடைத்துவிடுவார்கள் என்று. அந்த அச்சம் காற்றில் முளைத்ததன்று. 1989ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம் உண்மையில் இருக்கிறது. பிச்சை எடுப்பவரையும், பிழைக்க வழியின்றிப் பொது இடத்தில் இருப்பவரையும் நல இல்லத்துக்கு அனுப்ப அதில் இடமுண்டு. ஆகவே "அப்படி எதுவும் இல்லை" என்று பொய்யான உறுதி கொடுக்காதீர்கள். மருந்தகத்தின் பதிவு முகப்பில் நோயைத்தான் கேட்பார்கள், நானும் கூட வருகிறேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி போங்கள்.

இரண்டாம் படி: யார் என்பதைத் தெளிவாக்குங்கள்

இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது குடியுரிமை நிலை.

குடிமக்களுக்கு அனைத்துக் கதவுகளும் திறக்கும்: பலதுறை மருந்தகம், பொது மருத்துவமனை ஆகியவற்றின் முழு மானியம், தனியார் மருந்தகத்தில் கட்டணத்தைக் குறைக்கும் 'சாஸ்' எனப்படும் சமூக சுகாதார உதவித் திட்டம், மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி, கட்ட வழியில்லாதவருக்கான மெடிஃபண்ட் அறநிதி. நிரந்தரவாசிகளுக்கு மெடிஷீல்டு லைஃப் உண்டு, மானியமும் குறைந்த அளவில் உண்டு. சாஸ், மெடிஃபண்ட் இரண்டும் இல்லை. வேலை அனுமதிச்சீட்டில் வந்த ஊழியருக்கு அரசு மானியம் எதுவும் கிடையாது. அவருடைய மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. அதைத் தனியாகப் பின்னால் பார்ப்போம்.

குடிமக்களில் பிறந்த ஆண்டையும் கேளுங்கள். 1949 டிசம்பர் 31க்குள் பிறந்து 1986 முடிவதற்குள் குடிமகனானவர் முன்னோடித் தலைமுறை. 1950 முதல் 1959 வரை பிறந்து 1996 முடிவதற்குள் குடிமகனானவர் மெர்டேக்கா தலைமுறை. இந்த இரு தலைமுறையினருக்கும் சாஸ் சலுகை வருமானத்தைப் பார்க்காமலே கிடைக்கிறது. வீடற்றவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நான்காம் படியைப் படிக்கும்போது புரியும். வெளியில் உறங்குபவர்களில் முதியவர்களே அதிகம் என்பதால், நீங்கள் சந்திக்கும் பலர் இந்த வகையில் அடங்குவார்கள்.

மூன்றாம் படி: அடையாள அட்டை

பை திருடுபோவதும் மழையில் நனைவதும் தெருவில் அடிக்கடி நடப்பவை. அட்டை தொலைந்தால் 14 நாள்களுக்குள் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். முதல் முறை மாற்று அட்டைக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அடுத்த முறை 300 வெள்ளி. கையில் பத்து வெள்ளி இல்லாதவருக்கு இதுவே மலை. தனியாகக் கட்டச் சொல்லாமல், குடும்பச் சேவை நிலையத்திலோ சமூகச் சேவை அலுவலகத்திலோ இந்தச் செலவுக்கு உதவி கேளுங்கள்.

கைப்பேசி இருந்தால், அரசுச் சேவைகளில் நுழைய உதவும் சிங்பாஸ் செயலியில் உள்ள மின்னிலக்க அடையாள அட்டையைக் காட்டலாம். ஆனால் எண் மாறிப்போனவருக்குச் சிங்பாஸ் திறக்காது. அட்டை எண்ணைத் தாளில் எழுதித் தனியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அட்டை வரும்வரை நோய் காத்திருக்காது. அவசரம் என்றால் அட்டை இல்லாமலே போக வேண்டும்.

நான்காம் படி: முகவரி என்னும் முடிச்சு

என் அனுபவத்தில் பத்துச் சிக்கல்களில் ஏழெட்டு இங்கேதான் வந்து நிற்கின்றன.

மானியத்தின் அளவு குடும்ப உறுப்பினர் ஒருவருக்கான மாத வருமானத்தைப் பொறுத்தது. குடும்பம் என்றால், ஒரே பதிவு முகவரியில் உள்ள இரத்த உறவு, திருமண உறவு, தத்து உறவு. யாருக்கும் வருமானமே இல்லையென்றால் அந்த வீட்டின் ஆண்டு மதிப்பை (ஓராண்டு வாடகை மதிப்பை) பார்ப்பார்கள். வீட்டோடு இருப்பவருக்கு இது நியாயமான முறைதான். தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டு நான்கு வருடங்களுக்கு முன் வெளியேறியவருக்கு இது என்ன செய்கிறது என்று பாருங்கள்.

தம்பியின் சம்பளம் 4,000 வெள்ளி, தம்பி மனைவிக்கு 2,500, ஒரு பிள்ளை, அடையாள அட்டையில் மட்டும் அங்கே வாழும் அண்ணனுக்குப் பூஜ்யம். மொத்தம் 6,500. நால்வருக்கு வகுத்தால் தலைக்கு 1,625 வெள்ளி. குறைந்த வருமானத்தவருக்கான நீல சாஸ் அட்டையின் வரம்பை அது தாண்டிவிடுகிறது. கணினியின் கண்ணில் அண்ணன் வசதியான நடுத்தரக் குடும்பத்து ஆள். உண்மையில் அவர் கீழ்த்தளத்து மேசையில் தலைவைத்து உறங்குகிறார். முகவரி தனியார் கொண்டோமினியமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இதோடு, வருமானச் சோதனைக்குக் குடும்பத்தாரின் ஒப்புதலும் தேவைப்படலாம். முகம் கொடுத்துப் பேசாத தம்பியிடம் போய்க் கையெழுத்து கேட்கச் சொல்வது, சிலருக்கு நோயைவிடக் கடுமையான தண்டனை. அதற்குப் பதிலாக மருந்தே வேண்டாம் என்று இருந்துவிட்டவர்களை நான் அறிவேன்.

இந்த முடிச்சை அவிழ்க்க மூன்று வழிகளை முயலுங்கள், முடிந்தால் ஒரே நேரத்தில்.

சமூகச் சேவை அலுவலகத்திலோ குடும்பச் சேவை நிலையத்திலோ ஒரு சமூக ஊழியரைப் பிடியுங்கள். இவர் பதிவு முகவரியில் வசிக்கவில்லை, குடும்பத்திடமிருந்து ஆதரவு இல்லை என்று அவர் எழுத்தில் பதிவு செய்யட்டும். அந்தக் கடிதம் இனி எல்லா முகப்புகளிலும் உங்களுக்குத் துணை.

அடுத்து, மருத்துவமனையிலோ பலதுறை மருந்தகத்திலோ மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்கக் கேளுங்கள். கணினி காட்டும் வருமானத்துக்கும் உண்மை நிலைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துச் சொல்லி உதவி கேட்கும் இடம் அதுதான். பதிவு முகப்பில் இருப்பவருக்கு அந்த அதிகாரம் இல்லை. அவரோடு வாதாடி நேரத்தையும் நோயாளியின் மானத்தையும் இழக்க வேண்டாம்.

மூன்றாவது, முகவரியையே மாற்றுவது. வசிப்பிடம் மாறினால் 28 நாள்களுக்குள் தெரிவிப்பது சட்டப்படி கடமை. இடைக்காலத் தங்குமிடமோ வாடகை வீடோ கிடைத்தவுடன், முகவரியை எப்படி மாற்றுவது என்று அங்குள்ள ஊழியரிடம் முதல் வாரமே கேட்டுவிடுங்கள். தள்ளிப்போட்டால் அடுத்த கடிதமும் தம்பி வீட்டுக்கே போகும்.

முன்னோடி, மெர்டேக்கா தலைமுறையினரின் சாஸ் சலுகைக்கு இந்த வருமானக் கணக்கு தேவையில்லை என்று சொன்னேனே, அதன் அருமை இப்போது புரிந்திருக்கும். அவர்களை உடனே மருத்துவரிடம் அழைத்துப் போகலாம். முகவரிச் சிக்கலை அப்புறம் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: முதல் மருத்துவர்

இரண்டு வாசல்கள் இருக்கின்றன. பலதுறை மருந்தகத்தில் மருத்துவர், இரத்தப் பரிசோதனை, புண்ணுக்குக் கட்டுப்போடும் தாதி, மருந்து எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஆனால் முன்பதிவும் காத்திருப்பும் உண்டு, வேலைநாள் மாலையோடு பதிவு முடிந்துவிடும், சனிக்கிழமை அரை நாள்தான். சாஸ் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருந்தகம் இரவிலும் திறந்திருக்கலாம். வேலைக்குப் போகிறவருக்கு அது தோது. நீல அட்டைக்குச் சாதாரண நோய்க்கு ஒரு வருகைக்கு 18.50 வெள்ளி வரை கழிவு உண்டு, மெர்டேக்கா தலைமுறைக்கு 23.50, முன்னோடித் தலைமுறைக்கு 28.50. நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற நாள்பட்ட நோய்களுக்குக் கழிவு இதைவிட அதிகம். கழிவு போக மீதியைக் கட்ட வேண்டியிருக்கும் என்பதால், மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே "மருந்தோடு சேர்த்து எவ்வளவு ஆகும்?" என்று முகப்பில் கேளுங்கள். நாள்பட்ட நோய்க்கு நான் பலதுறை மருந்தகத்தையே பரிந்துரைப்பேன். பணம் கட்ட முடியாத நிலையில் மெடிஃபண்ட் உதவி அங்கேயும் எட்டும்.

சாஸ் அட்டைக்கு இணையத்தில் சிங்பாஸ் வழியாகவோ தாளிலோ விண்ணப்பிக்கலாம். சந்தேகங்களுக்கு 1800-275-2427. அட்டைக்குக் காலாவதி உண்டு. புதுப்பிக்கும் கடிதம் எங்கே போகும் என்பது உங்களுக்குத் தெரியும். காலாவதித் தேதியை உங்கள் கைப்பேசியிலேயே குறித்துவையுங்கள்.

நாற்பது வயதைக் கடந்த குடிமக்கள் 2023 ஜூலையில் தொடங்கிய 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டத்தில் ஒரு மருந்தகத்தில் சேரலாம். முதல் சுகாதாரத் திட்ட ஆலோசனைக்கும், பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகளுக்கும் தடுப்பூசிகளுக்கும் கட்டணம் இல்லை. ஆண்டாண்டாக இரத்தச் சர்க்கரையே பார்க்காதவருக்கு நல்ல நுழைவாயில்.

இப்போது மருத்துவரின் அறைக்குள் என்ன சொல்ல வேண்டும் என்பது. இதில் கொஞ்சம் நிறுத்திப் பேசுகிறேன், ஏனென்றால் சரியான மருந்து தவறான வாழ்க்கைக்கு எழுதப்பட்டு வீணாவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வெளியில் உறங்குகிறார் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீர் மாத்திரையை இரவில் போடச் சொல்லலாம். கழிப்பறை இரண்டு புளோக் தள்ளி இருக்கிறது, அல்லது பூட்டியிருக்கிறது. மூன்று இரவு அலைந்தபின் அவர் மாத்திரையை நிறுத்திவிடுவார். கால் வீக்கம் திரும்பும். இன்சுலின் இன்னொரு சிக்கல். குளிர்சாதனப் பெட்டி கிடையாது. உபயோகத்தில் உள்ள இன்சுலின் பல வகைகளில் 30 பாகை செல்சியசுக்குக் கீழ் சுமார் நான்கு வாரம் தாங்கும். நம் ஊரில் பகல் வெப்பம் 32ஐத் தொடுகிறது, அதுவும் பையின் அடியில். "வைக்க இடமில்லை, என்ன செய்யலாம்?" என்று மருந்தாளரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். மாற்று மருந்தோ சிறிய அளவில் அடிக்கடி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடோ இருக்கலாம். "சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை" என்று உறையில் எழுதியிருக்கும். அவர் சாப்பிடுவதே ஒரு வேளை, கோயிலில். சர்க்கரை மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு மயங்கி விழுந்தவர்கள் உண்டு. எத்தனை வேளை உண்கிறார், எப்போது உண்கிறார் என்பதைச் சொன்னால் மருத்துவர் அதற்கேற்ப எழுதுவார்.

கால்களைக் காட்டச் சொல்லுங்கள், காலணியையும் காலுறையையும் கழற்றி. சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம். நரம்பு மரத்துப்போன பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது. ஈரக் காலணியிலேயே நாள் முழுவதும் நடப்பவருக்குச் சின்னக் கொப்புளம் விரலை எடுக்கும் அளவுக்குப் போகலாம். கட்டுப்போட எந்தெந்த நாள் வர வேண்டும் என்று தாதியிடம் எழுதி வாங்கி, அந்த நாள்களில் யாராவது உடன் போக ஏற்பாடு செய்யுங்கள்.

ஆங்கில மருத்துவத்துக்கு வர மறுப்பவரை வற்புறுத்தி விரட்டிவிடாதீர்கள். 1867இல் தொடங்கிய சிங்கப்பூர் தோங் சாய் மருத்துவ நிலையம் இன பேதமின்றி இலவசமாகச் சீன வைத்தியம் பார்க்கிறது. கால்புண்ணுக்கு அது போதாது என்பது என் கருத்து. ஆனால் ஒரு வைத்தியரிடம் கைநீட்டிப் பழகியவர், அடுத்த மாதம் இன்னொரு மருத்துவரிடமும் வருவார்.

மனம் உடைந்தவர்களுக்கு 1771 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது. குரல் கேட்கிறது என்பவர், நாள்கணக்கில் உறங்காதவர், சாக விரும்புகிறேன் என்பவர் ஆகியோரை எண்ணைக் கொடுத்து அனுப்பிவிடாமல், மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவுக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள்.

ஆறாம் படி: மருத்துவமனையும் கட்டணச் சீட்டும்

முதல் எச்சரிக்கை. சிறப்பு மருத்துவரிடம் நேரே போகக் கூடாது. பலதுறை மருந்தகத்திலிருந்தோ சாஸ் மருந்தகத்திலிருந்தோ பரிந்துரைக் கடிதத்தோடு போனால்தான் மானியம் பெறும் நோயாளி. நேரே போனால் தனியார் நோயாளி என்று பதிவாகிவிடும். வார்டில் சேரும்போது சி வகுப்பு அல்லது பி2 வகுப்பு என்று சொல்ல வேண்டும். மானியம் 80 விழுக்காடு வரை கிடைப்பது இந்த வகுப்புகளில்தான். மெடிஃபண்ட் உதவியும் மானியம் பெறும் நோயாளிக்கு மட்டுமே.

கட்டணச் சீட்டு இப்படிக் கரைகிறது: முதலில் அரசு மானியம். பிறகு மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி. அடுத்து நோயாளியின் மெடிசேவ் கணக்கு, அதாவது மத்திய சேம நிதியில் மருத்துவத்துக்கென ஒதுக்கிய சேமிப்பு. அப்படியும் மீதி நின்று, கட்ட வழியில்லை என்றால் மெடிஃபண்ட்.

மெடிஷீல்டு லைஃப் 2015 நவம்பர் 1இல் தொடங்கியது. எல்லாக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் வாழ்நாள் முழுவதும், ஏற்கெனவே உள்ள நோய்களையும் சேர்த்துப் பாதுகாப்பளிக்கிறது. "நான் பல வருடமாகச் சந்தா கட்டவில்லை, ரத்தாகியிருக்கும்" என்று பலர் நம்புகிறார்கள். ரத்தாகாது. கட்ட முடியாத காரணத்தால் யாரும் இந்தக் காப்புறுதியை இழக்க மாட்டார்கள் என்பது அரசின் உறுதிமொழி. சந்தாவுக்கு மானியமும், அதையும் கட்ட இயலாதவருக்குக் கூடுதல் ஆதரவும் உண்டு. ஆனால் காப்புறுதி முழுத் தொகையையும் ஏற்காது. தொடக்கத்தில் ஒரு தொகையும், அதற்கு மேல் ஒரு பங்கும் நோயாளி தலையில் விழும். அங்கேதான் மெடிசேவும் மெடிஃபண்டும்.

மெடிஃபண்ட் 1993இல் 200 மில்லியன் வெள்ளி முதலோடு அமைக்கப்பட்ட அறநிதி. இதற்கு இணையத்தில் விண்ணப்பிக்க முடியாது. சிகிச்சை நடக்கும் மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியர் வழியாகத்தான் போக வேண்டும். அங்குள்ள குழு வருமானம், குடும்பச் சூழல், கட்டணத்தின் அளவு ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுக்கும். முழுவதும் கிடைக்கலாம், ஒரு பகுதி கிடைக்கலாம். எனவே கட்டணச் சீட்டு வந்து, நினைவூட்டல் வந்து, பயந்துபோய்க் கேட்பதற்குப் பதிலாக, வார்டில் படுத்திருக்கும்போதே கேட்டுவிடுங்கள். எங்கள் பெரியவருக்கு வந்த ஒரு கட்டணச் சீட்டு ஒன்பது மாதம் கழித்துத்தான் எங்கள் கண்ணில் பட்டது. அந்த ஒன்பது மாதமும் "ஆஸ்பத்திரிக்குக் கடன்காரன்" என்ற வெட்கத்தில் மறு சோதனைக்கே போகாமல் இருந்திருக்கிறார்.

வார்டில் சேர்ந்த முதல் நாளே சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று இருக்கிறது: "இவருக்குத் திரும்பிப் போக வீடு இல்லை." தாதியிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள், மருத்துவ சமூக ஊழியரைக் கேட்டு அவரிடமும் சொல்லுங்கள். பதிவில் முகவரி இருப்பதால் வீடு இருக்கிறது என்றே எல்லோரும் நினைப்பார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாள் காலையில் இதைச் சொன்னால் ஏற்பாடு செய்ய நேரம் இருக்காது. முன்கூட்டியே தெரிந்தால் சமூக மருத்துவமனையில் சில வாரம் தேறவும், அதற்குள் தங்குமிடம் தேடவும் வழி பிறக்கும். அறுவைச் சிகிச்சைத் தையலோடு ஒருவர் கீழ்த்தளத் தரையில் படுப்பதை ஒருமுறை பார்த்தால் இதை நான் ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்று புரியும்.

அமெரிக்காவில் மருத்துவர் ஜிம் விதர்ஸ் 1992இல் பிட்ஸ்பர்க் தெருக்களுக்கே போய் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 2023 அக்டோபர் 1 முதல் அங்கே தெருவையே சிகிச்சை நடந்த இடமாகக் குறிக்க, கட்டணப் படிவத்தில் 27 என்ற தனிக் குறியீடு இருக்கிறது. நம் ஊரில் மானியமும் மெடிஃபண்டும் அங்கீகரித்த மருந்தகம், மருத்துவமனை ஆகியவற்றின் வழியே வருகின்றன. ஆகவே ஆளை அந்த வாசல்வரை கொண்டுசேர்க்கும் வேலை நம்மைப் போன்றவர்கள் மீது விழுகிறது. அந்த வாசல் கொஞ்சம் தெருப்பக்கம் நகர்ந்து வந்தால் நல்லது என்று நான் உளமார விரும்புகிறேன்.

ஏழாம் படி: காம்கேர், தங்குமிடம்

மருந்து வேலை செய்ய உறங்க ஓர் இடம் வேண்டும். குறைந்த வருமானத்தவருக்கான அரசு நிதி உதவித் திட்டமான காம்கேரின் தொலைபேசி எண் 1800-222-0000. சமூகச் சேவை அலுவலகத்தில் நேரிலும் விண்ணப்பிக்கலாம். முதுமையாலோ நோயாலோ நிரந்தரமாக வேலை செய்ய இயலாத, ஆதரவில்லாத குடிமக்களுக்கு நீண்டகால உதவி உண்டு. பொது உதவி என்று பழைய பெயரில் பலருக்குத் தெரியும். அது கிடைத்தால் மாதத் தொகையோடு, பலதுறை மருந்தகத்திலும் பொது மருத்துவமனையிலும் மருத்துவ உதவியும் சேர்ந்து வரும். வேலை தேடுபவருக்கும் தற்காலிகமாக முடியாதவருக்கும் குறுகிய, நடுத்தரக் கால உதவி.

இரவுக்கு உறங்கும் இடங்களை, சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு 2019இல் தொடங்கிய 'பியர்ஸ்' கட்டமைப்பில் உள்ள சமூக, சமய அமைப்புகள் நடத்துகின்றன. நியூ ஹோப் சமூகச் சேவை, கத்தோலிக்க நலச் சேவை ஆகியவை அவற்றில் சில. ஹோம்லெஸ் ஹார்ட்ஸ் தொண்டூழியர்கள் இரவுகளில் நடந்துபோய் நட்பு பாராட்டுகிறார்கள். தமிழில் பேசி உதவ, சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவை நாடலாம். கணவரின் அடிக்குப் பயந்து வெளியேறிய பெண்ணாக இருந்தால் 1800-777-0000 என்ற வன்முறைத் தடுப்பு எண்ணை முதலில் அழையுங்கள். அவருக்கு இரவுத் தங்குமிடத்தைவிட மறைவான நெருக்கடிக்கால இல்லம் தேவை.

எட்டாம் படி: வேலை அனுமதிச்சீட்டில் வந்த ஊழியர்

லிட்டில் இந்தியாவில் வெளியில் உறங்கும் தமிழகத்து இளைஞரைச் சந்தித்தால் கேள்வி மாறுகிறது. அவருடைய மருத்துவச் செலவை ஏற்பது சட்டப்படி முதலாளியின் கடமை. 2023 ஜூலை 1 முதல் முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். முதல் 15,000 வெள்ளியைக் காப்புறுதி நிறுவனம் ஏற்கும், அதற்கு மேல் முதலாளியும் ஒரு பங்கு ஏற்பார். வேலையில் காயம் என்றால் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் தனியே இருக்கிறது. இழப்பீட்டுக்காகச் சிறப்பு அனுமதியில் காத்திருக்கும் காலத்தில் முதலாளியின் தங்குவிடுதியை விட்டு வெளியேறியவர்களே பெரும்பாலும் தெருவுக்கு வருகிறார்கள்.

காயத்தை மருத்துவர் பதிவு செய்த தாள், மருத்துவ விடுப்புச் சான்றிதழ், வேலை அனுமதி எண் இவற்றைப் படம் எடுத்து வையுங்கள். மனிதவள அமைச்சில் புகார் கொடுக்க உதவுங்கள். 2006இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் அமைப்பு வெளிநாட்டு ஊழியர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் மருத்துவம் பார்க்கிறது. டிடபிள்யுசி2 அமைப்பு வழக்கிலும் உணவிலும் துணை நிற்கிறது. முதலாளிக்கு அஞ்சி அவர் பேசத் தயங்கினால், அவருடைய ஒப்புதல் இல்லாமல் நீங்களே முதலாளியை அழைத்துவிடாதீர்கள்.

அவசரம் என்றால்

மேலே உள்ள எல்லாப் படிகளையும் விட்டுவிடுங்கள். மார்வலி, ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளுதல், நிற்காத இரத்தம், எழுப்ப முடியாத மயக்கம்: 995. உண்மையான அவசரத்துக்கு அந்த ஆம்புலன்சுக்குக் கட்டணம் இல்லை. அவசரமற்ற அழைப்பு என்று முடிவானால் 274 வெள்ளி கேட்பார்கள். அவசரமில்லாதபோது 1777 வழியாகத் தனியார் ஆம்புலன்ஸ். புளோக் எண்ணையும் எந்தத் தூணருகே என்பதையும் சொல்லுங்கள். குடிபோதை என்று நினைத்துப் பலர் கடந்துபோகிறார்கள். சர்க்கரை குறைந்து மயங்கியவரும் அப்படித்தான் தெரிவார்.

கடைசிப் படி: ஒரு தாள்

ஒரு பக்கத் தாளில் இவற்றை எழுதி, நெகிழிப் பையில் போட்டு அவரிடம் ஒன்றும் உங்களிடம் ஒரு படமும் வையுங்கள்: பெயர், அடையாள அட்டை எண், பிறந்த ஆண்டு, நோய்கள், மருந்துகளும் அளவும், ஒவ்வாமை, எந்த மருந்தகம், அடுத்த சந்திப்பு நாள், சமூக ஊழியரின் பெயர், சாஸ் காலாவதி. கீழே ஒரு வரி: "பதிவு முகவரியில் வசிக்கவில்லை. கடிதங்களை அங்கே அனுப்ப வேண்டாம். மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும்." பேசத் தயங்குபவர் அந்தத் தாளை முகப்பில் நீட்டினால் போதும்.

எங்கள் பெரியவரின் தாளை இதுவரை நான்கு முறை திருத்தி எழுதியிருக்கிறோம். இரண்டாம் தாளில் நீர் மாத்திரை இரவிலிருந்து காலைக்கு மாறியது. மூன்றாம் தாளில் கட்டுப்போடும் நாள்கள் வாரம் மூன்றிலிருந்து ஒன்றாகின. நான்காம் தாளில் பதிவு முகவரி பற்றிய வரி இல்லை. அதன் இடத்தில் ஒரு புளோக் எண்ணும் மாடி எண்ணும் இருக்கின்றன, இன்னொரு தனியாளோடு பகிரும் வாடகை வீடு. போன வாரம் வந்த மருந்தகக் கடிதத்தைத் தம்பி வீட்டுக்குப் போகாமல் அவரே பிரித்துப் படித்துவிட்டு என்னை அழைத்தார்.